கனகராஜுக்கு முன்னால் படம் பார்ப்பவள்

செல்வராணிக்குப் பேய் என்றால் பயம். ஏதோ பேச்சுக்குச் சொல்லும் பயம் இல்லை. ஐம்பத்தெட்டு வயதாகியும் தலைக்கு ஷாம்பு போடும்போது கண்ணை மூட மாட்டாள். எரிந்தால் எரியட்டும் என்று விழித்துக்கொண்டே குளிப்பாள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் குளியலறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொள்வாள். அலமாரிக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினால்தான் பகலிலேயே கண்ணயர முடியும். அப்படிப்பட்டவள் இந்த இரண்டரை வருடத்தில் கூலாய் ஊருக்கு வந்த தமிழ்ப் பேய்ப் படம் ஒன்றையும் விட்டதில்லை. எல்லாவற்றையும் முதல் நாள், முதல் காட்சி, தன்னந்தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். இதைக் கேட்டுவிட்டு அவளுக்குக் கழன்றுவிட்டது என்று சிரித்தவர்கள் அந்தத் தாமான் குடியிருப்பில் உண்டு. சிரித்தவர்களில் ஒருவருக்கும் நெஞ்சைப் பிளந்து தைத்த புருஷன் கிடையாது.

அவள் புருஷன் கனகராஜ், கோத்தா திங்கி ஆலையிலிருந்து துறைமுகத்துக்குச் செம்பனை எண்ணெய் ஏற்றிப்போகும் டாங்கி லோரியை இருபத்தேழு வருடம் ஓட்டியவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பேய்ப் படமும் மர்மப் படமும்தான். அதிலும் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். முடிவை யாரும் சொல்லிவிடக் கூடாது. புதுப் படத்தின் விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். ஒருமுறை கோப்பிக் கடையில் அவருடைய ஆருயிர் நண்பர் கமலநாதன், "கடைசில பாத்தா அந்தத் தம்பிக்காரன்தான்டா கொலகாரன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். கனகராஜ் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்தான், எட்டு மாதம் அந்த மனிதரோடு பேசவில்லை. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே தெரு, நான்கு வீடு தள்ளித்தான். முடிவைச் சொன்னவனுக்குத் தண்டனை கொடுக்கச் சட்டம் இருந்திருந்தால் கனகராஜ் கமலநாதனை உள்ளே தள்ளியிருப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், முழு டாங்கியோடு வந்துகொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. லோரியை ஒழுங்காக ஓரம் கட்டி, விளக்குகளைச் சிமிட்ட விட்டு, இறங்கிப் புல்லில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துப் பழக்கடை மலாய்க்காரர்தான் தூக்கித் தன் காடியில் போட்டு, அந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பைபாஸ் ஆகி வீட்டுக்கு அனுப்பும் நாளில், இளவயது சீன டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "நோ சிகரெட், நோ ஸ்ட்ரெஸ், நோ ஷாக், ஓகே அங்கிள்?" என்றார். அவர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். செல்வராணி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். சிகரெட் புரிந்தது. ஸ்ட்ரெஸ் ஓரளவு புரிந்தது. ஷாக் என்ற மூன்றாவது சொல்தான் அவள் மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவளும் அப்படிப்பட்ட ஆள். செனாய் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்துநான்கு வருடம் கியூசி என்ற தரச் சோதனை வேலை பார்த்தவள். பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளை வைத்து, எங்கே குறை, என்ன குறை, எவ்வளவு பெரிய குறை என்று தாளில் குறிப்பது வேலை. மைனர், மேஜர், கிரிட்டிக்கல் என்று மூன்று கட்டம். கிரிட்டிக்கல் என்றால் அந்தப் பலகை அந்த மேஜையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எங்கேயோ ஓர் இயந்திரம் தீப்பிடிக்கும், யாரோ சாவார்கள் என்று முதல் வாரத்தில் சூப்பர்வைசர் மிரட்டிவைத்ததை அவள் கடைசி நாள் வரை நம்பினாள். அவள் பாஸ் போட்ட பலகை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவள் வாழ்க்கையில் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் அது ஒன்றுதான்.

டாக்டர் சொன்ன ஷாக் வீட்டுக்குள் நுழையாமல் இருக்க அவள் செய்யாத கூத்து இல்லை. வாசல் மணியைக் கழற்றினாள். தீபாவளிக்கு முன்னால் தெரு முழுக்க வீடு வீடாகப் போய், "வெடிய கொஞ்சம் அந்தப் பக்கமா போடுங்க" என்று கெஞ்சினாள். முதல் வருடம் முழுக்கக் கனகராஜின் கைப்பேசியைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, சாவுச் செய்தி வந்தால் இரண்டு நாள் பக்குவப்படுத்தி, முதலில் உடம்பு சரியில்லை என்றும் பிறகு ரொம்ப முடியவில்லை என்றும் சொல்லிக் கடைசியில்தான் ஆள் போன விஷயத்தை விடுவாள். படத்துக்கு ஒரேயடியாகத் தடை. ஐந்து மாதம் மனிதர் ஹாலில் உட்கார்ந்து சமையல் நிகழ்ச்சியாகப் பார்த்தார். மீன் எப்படி வறுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஒரு நாள் அவர் கண் கலங்கியதைச் செல்வராணி பார்த்துவிட்டாள்.

"நான் முதல்ல போயி பாத்துட்டு வரேன்," என்றாள். "எங்கெங்க பயமா வருது, கடைசில என்ன ஆவுதுன்னு எல்லாம் சொல்லிடறேன். அப்புறம் நீங்க பாருங்க. தெரிஞ்சு பாத்தா திடுக்குன்னு இருக்காதுல்ல?"

"முடிவ தெரிஞ்சிக்கிட்டு பாக்கறதுக்கு எதுக்குலா படம்?" என்றார் கனகராஜ். "அதுக்கு நான் இந்த மீனையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்ப மீனையே பாருங்க."

ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போயிட்டு வா" என்றார்.

முதன்முதலில் போனது ஒரு கிணற்றுப் பேய்ப் படம். வியாழக்கிழமை காலை பதினொன்றரைக் காட்சி. அரங்கில் மொத்தம் ஆறு பேர். செல்வராணி பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கட்டம் கட்டி எடுத்துப்போயிருந்தாள்: எத்தனையாவது நிமிடம், என்ன, மைனரா, மேஜரா, கிரிட்டிக்கலா. கண்ணை மூடினால் வேலை கெட்டுவிடும் என்பதால் மூடவில்லை. துப்பட்டாவால் காதை மட்டும் கட்டிக்கொண்டு, முருகா முருகா என்று முணுமுணுத்தபடி, இருட்டில் கை போன போக்கில் எழுதினாள். கிணற்றிலிருந்து அந்தக் கை வந்தபோது பேனா கீழே விழுந்து, அதைத் தேடக் குனிந்தால் இருக்கைக்கு அடியில் இன்னொரு கை இருக்குமோ என்று, மீதிப் படத்தைப் புருவ மையால் குறித்தாள். படம் முடிந்ததும் கால் நடுக்கம் நிற்கும்வரை கீழே உணவுக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கனகராஜுக்குக் கதை சொன்னாள். "நாப்பத்தொன்னாவது நிமிஷம் கெணத்துல கை வரும். கிரிட்டிக்கல். அதுக்கு முன்னாடி தவள கத்தும், தவள சத்தம் நின்னுச்சுன்னா ரெடியாயிக்குங்க." அப்படியே கடைசி வரை. பேய் யார், ஏன் வந்தது, யார் செத்தார்கள், யார் தப்பித்தார்கள் எல்லாம். அடுத்த புதன்கிழமை, கூட்டம் குறைந்த பிறகு, இருவருமாகப் போனார்கள். தவளை கத்துவது நின்றதும் கனகராஜ் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். கை வந்தது. அவர் நெஞ்சு அப்படியே இருந்தது. செல்வராணிதான் இரண்டாம் முறையும் அலறினாள்.

வேடிக்கை என்னவென்றால், நான்கைந்து படத்துக்குப் பிறகு கனகராஜுக்கு அதுவே பிடித்துப்போனது. முன்பெல்லாம் முடிவுக்கு ஓடிக்கொண்டே படம் பார்த்தவர், இப்போது சாவகாசமாகப் பார்க்கிறார். பேய் யார் என்று தெரிந்துவிட்டதால், அந்த ஆள் முதல் காட்சியில் எப்படிச் சிரிக்கிறான், எந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்துகிறான், டைரக்டர் எதை எங்கே ஒளித்துவைத்திருக்கிறான் என்று துருவித் துருவிப் பார்த்து ரசித்தார். கமலநாதனிடம், "நீ படம் பாக்கறியே, அது பாதிப் படம்தான்டா" என்று அலட்டிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார். முடிவைச் சொன்னதற்காக எட்டு மாதம் ஒதுக்கிவைக்கப்பட்ட அந்தக் கமலநாதன் இதைக் கேட்டு எப்படி நொந்திருப்பார் என்று யாராவது யோசித்தார்களா!

செல்வராணியின் பயம் மட்டும் ஒரு சொட்டும் குறையவில்லை. முப்பது படம் பார்த்தவளுக்குப் பழகிப்போயிருக்கும் என்று மகள் ஷர்மினி நினைத்தாள். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் வீட்டுக்கு வருகிறவளுக்கு அம்மா மற்ற நாட்களில் விளக்கைப் போட்டபடி தூங்குவது எப்படித் தெரியும்? ஒவ்வொரு படமும் ஒரு பேயை வீட்டுக்குக் கூட்டிவந்தது. கிணற்றுப் பேய் குளியலறையில் தங்கியது. பொம்மைப் பேய் சோபாவுக்குப் பின்னால். புருஷனுக்கு வர வேண்டிய பயத்தையெல்லாம் தானே வாங்கிக்கொள்கிறோம் என்று அவள் நம்பினாள். தான் எவ்வளவு நடுங்குகிறோமோ அவ்வளவுக்கு அவர் நெஞ்சு பத்திரம் என்று ஒரு கணக்கு.

இந்த வருடம் மார்ச் மாதம் அந்தப் படம் வந்தது.

அதுவும் பேய்ப் படம்தான். வயதான புருஷன் பெண்டாட்டி, ஒரு பழைய வீடு, மாடியில் காலடிச் சத்தம். செல்வராணி வழக்கம்போல் குறித்துக்கொண்டே வந்தாள். மைனர் ஒன்பது, மேஜர் நான்கு, கிரிட்டிக்கல் இரண்டு. கடைசியில் பேய் போய்விட்டது. வீட்டில் வெயில் அடித்தது. அவள் பேனாவை மூடினாள். திரையில் அந்தப் புருஷன் வாசல்பக்கச் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார். பெண்டாட்டி சமையலறையில் ரசம் தாளிக்கிறாள். "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுகிறாள். பதில் இல்லை. அப்பளத்தைப் பொரித்துவிட்டு மறுபடியும் கூப்பிடுகிறாள். செய்தித்தாள் மெல்ல நழுவித் தரையில் விழுகிறது. பின்னணி இசை இல்லை, பேய் இல்லை, ஒன்றுமே இல்லை. மூன்றாவது முறை கூப்பிட அந்த அம்மா வாயைத் திறக்கும்போது திரை இருண்டுவிட்டது.

செல்வராணி அலறவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் பழக்கத்தில் நேரத்தைக் குறித்தது: படம் தொடங்கி இரண்டு மணி ஆறு நிமிடம். அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அரங்கைப் பெருக்க வந்த பெண் "மக்சிக், சுடா ஹாபிஸ்" என்று மலாயில் சொல்லித் தோளைத் தொட்ட பிறகுதான், படம் முடிந்துவிட்டது என்பதே அவளுக்கு உறைத்தது. அன்று உணவுக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் நடுக்கம் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது கனகராஜ் ஹாலில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் உயிர் அங்கேயே போய்விட்டது. சத்தம் கேட்டு அவர் விழித்து, "என்னா, முடிஞ்சிருச்சா? சொல்லு சொல்லு" என்று ஆவலாக நிமிர்ந்தார்.

சொன்னாள். மைனர் ஒன்பதையும் மேஜர் நான்கையும் கிரிட்டிக்கல் இரண்டையும் சொன்னாள். "கடைசில?" என்றார்.

"கடைசில பேய் போயிரும். ரெண்டு பேரும் சந்தோஷமா உக்காந்து சாப்பிடுவாங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? சப்புன்னு இருக்கே."

"சப்புன்னுதான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். இருபத்துநான்கு வருடத்தில் ஒரு தடவைகூட செய்யாததை அன்று செய்தாள். கிரிட்டிக்கலுக்கு மேலான ஒரு குறையைக் கண்ணால் பார்த்துவிட்டு பாஸ் போட்டுவிட்டாள். புதன்கிழமை வருவதற்குள் ஒரு காய்ச்சலோ தலைவலியோ வரவழைத்துக்கொண்டு படத்துக்குப் போகாமல் செய்துவிடலாம், அதற்கடுத்த வாரம் படத்தையே எடுத்துவிடுவார்கள் என்பது அவள் எண்ணம். ஆனால் கனகராஜுக்கு நண்பன் என்று ஒருவர் இருப்பதை மறந்துபோனாள்.

சனிக்கிழமை ஷர்மினி அவளை முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாமுக்குப் பூச்சட்டி வாங்கக் கூட்டிப்போனாள். நீலக் கோடு போட்ட சட்டியா பச்சையா என்று அம்மாவும் மகளும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி பைக்குள் துணிக்கு அடியில் கிடந்தது. விலை விசாரித்துவிட்டு அவள் அதை எடுத்துப் பார்த்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. ஒன்றேகாலுக்கு வந்த செய்தி. "ராணி, கமலோட ஒன்றரை ஷோ போறேன். நீ சொன்ன கததானே, பயப்படாத. போன் ஆஃப் பண்றேன்."

அவள் கையிலிருந்த சட்டி விழாதது கடைக்காரர் செய்த புண்ணியம். அவர்தான் பிடித்துக்கொண்டார்.

"ஷர்மி, காடிய எடு."

"என்னம்மா?"

"காடிய எடுடி!"

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. சொல்லி முடித்ததும் ஷர்மினி மறுத்துத் தலையை ஆட்டினாள். "மா, படம் பாத்துல்லாம் யாரும் சாக மாட்டாங்கம்மா. டாக்டர் சும்மா பொதுவா சொன்னது அது."

"உனக்கு என்னா தெரியும்? நீ அந்தப் படத்த பாத்தியா? அவரு சிரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. ரெண்டு பேரும் சாப்பிடப் போறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருப்பாரு. நான் சொன்னேன்னு நம்பிக்கிட்டு இருப்பாரு!"

"சரி, தியேட்டருக்கு போன் பண்ணலாமா?"

"பண்ணி? உள்ள இருக்கிற ஒரு மனுஷன்கிட்ட போயி முடிவ சொல்லிடுங்கன்னு சொல்லவா?"

கமலநாதனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும், மறுபடியும். ஒன்றரைக் காட்சி. விளம்பரம் பன்னிரண்டு நிமிடம். இடைவேளை என்று எழுத்து வரும், ஆனால் இங்கே படத்தை நிறுத்த மாட்டார்கள். ஒன்று நாற்பத்திரண்டோடு இரண்டு மணி ஆறு நிமிடத்தைக் கூட்டினால் மூன்று நாற்பத்தெட்டு. மச்சாப் தாண்டும்போது மூன்று பத்து. சிம்பாங் ரெங்கம் அருகில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன லோரிகளின் பின்விளக்கு தவிர ஒன்றும் தெரியவில்லை. படம் பார்த்து யாரும் சாக மாட்டார்கள் என்று சொன்ன ஷர்மினியின் கை ஸ்டீரிங்கை இறுகப் பிடித்திருந்தது. நூற்றுப் பத்தில் போய்க்கொண்டிருந்தவள் மழையிலும் குறைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு செல்வராணிக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"மூனு வருஷம்டி," என்றாள். "ஒரு தவள சத்தத்தக்கூட விடாம சொன்னேன். இத சொல்லல. இதுக்கு மட்டும் வாய் வரல."

"ஏம்மா வரல?"

செல்வராணி மணியைப் பார்த்தாள். செடெனாக் ஊர்ப்பலகை மழையில் வந்து பின்னால் போனது.

தியேட்டர் இருக்கும் பேரங்காடி வாசலில் ஷர்மினி நிறுத்தியபோது மூன்று நாற்பத்துமூன்று. செல்வராணி நனைந்த செருப்போடு நகரும் படியில் ஏறினாள். அது நகரும் வேகம் போதாமல் தானும் ஏறி ஓடினாள். மூன்றாவது மாடி. டிக்கெட் பார்க்கும் மலாய்ப் பெண் கையை நீட்டி, "மக்சிக், படம் முடியப்போகுது" என்று மலாயில் சொன்னாள். "சுவாமி சாயா, ஜந்தோங்!" என்று செல்வராணி தன் நெஞ்சில் அடித்துக் காட்டினாள். புருஷன், இருதயம் என்ற இரண்டு சொல்லே போதுமாக இருந்தது. அந்தப் பெண் பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே சனிக்கிழமைக் கூட்டம். திரையில் பேய் போய்விட்டது. வீட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வரிசை வரிசையாகத் தேடினாள். எட்டாவது வரிசை ஓரத்தில் கனகராஜின் வழுக்கைத் தலை. கமலநாதன் பக்கத்தில் சோளப்பொரி மென்றுகொண்டிருந்தார். செல்வராணி படியிலேயே அவர் காலருகில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்தாள். கனகராஜ் துள்ளினார். இத்தனை வருடத்தில் அந்த மனிதருக்குக் கிடைத்த பெரிய அதிர்ச்சி அதுவாகத்தான் இருக்கும்.

"என்னங்க, நான் சொன்னது பொய்," என்றாள். மெதுவாகப் பேசுவதாகத்தான் அவள் நினைப்பு. மூச்சிரைத்ததில் குரல் உயர்ந்துவிட்டது. "அவரு செத்துருவாரு. அந்த நாக்காலிலயே செத்துருவாரு. அந்தம்மா சாப்பிடக் கூப்பிடுவாங்க, அவரு வர மாட்டாரு. இப்ப வரும். பாக்காதீங்க."

பின்வரிசையில் ஒரு பெண், "ஐயோ, யாரு ஆன்ட்டி நீங்க? முடிவ சொல்லிட்டீங்களே!" என்று கத்தினாள். நாலைந்து பேர் உச்சுக்கொட்டினார்கள். "அலமாக், தங்கச்சி!" என்றார் கமலநாதன், வாயில் பொரியோடு. கனகராஜ் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். குனிந்து அவளைப் பார்த்தார். அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

ரசம் தாளிக்கும் சத்தம் கேட்டது. செல்வராணி திரைப் பக்கம் திரும்பவில்லை. கனகராஜின் சட்டைப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்தாள். சாப்பிட வாங்க என்ற முதல் குரல். ஏறியது, இறங்கியது. இரண்டாவது குரல். செய்தித்தாள் தரையில் விழும் சத்தம். அரங்கு முழுக்க மூச்சுக் காட்டாமல் இருந்தது. முடிவு தெரிந்துவிட்டதே என்று கத்திய அந்தப் பின்வரிசைப் பெண் விசும்பி அழும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் இருண்டு, விளக்கு வந்தது.

கனகராஜ் கண்ணை மூடியபடி சாய்ந்திருந்தார்.

"என்னங்க," என்றாள். "என்னங்க!"

"இருக்கேன்லா," என்றார் அவர் கண்ணைத் திறக்காமல். மூடியிருந்த இமைக்குக் கீழே ஈரமாக இருந்தது. "கொஞ்ச நேரம் இரு."

கமலநாதனும், காடியை நிறுத்திவிட்டு வந்திருந்த ஷர்மினியும் சாப்பாடு வாங்கப் போனார்கள். கீழே உணவுக்கடையில், ஓரத்து மேஜையில், இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். செல்வராணியின் துப்பட்டாவிலிருந்து இன்னும் மழைத் தண்ணீர் சொட்டியது. அதை அவள் மடியிலேயே பிழிந்தாள்.

"ஏன் பொய் சொன்ன?" என்றார் கனகராஜ். கோபமில்லை.

"பேயின்னா சொல்லிருவேன். எத்தன பேய் வந்தாலும் சொல்லிருவேன். அது..." அவள் நிறுத்தினாள். மூன்று வருடமாகச் சொல்லாதது வெளியே வந்தது. "நீங்க செத்துருவீங்கன்னு எனக்குப் பயமா இருக்கு. காலைல எந்திரிச்சா பயமா இருக்கு. நீங்க தூங்கினா பயமா இருக்கு. கூப்பிட்டு ஒரு தடவைக்கு நீங்க பதில் சொல்லலன்னா எனக்கு கை கால் ஓடறதில்ல."

சொல்லிவிட்டு அழுதாள், சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. கனகராஜ் அழ விட்டார்.

"இப்ப சொல்லு," என்றார் பிறகு. "எப்பவும் சொல்ற மாதிரி. கடைசிய மட்டும் சொல்லு."

"இப்பதான் பாத்தீங்களே."

"பாத்தேன். நீ சொல்லல. சொல்லு."

அவள் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். மேஜையைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தம்மா ரசம் வெக்கிறாங்க. அவரு நாக்காலில உக்காந்திருக்காரு. சாப்பிடக் கூப்பிடறாங்க. வரல. அப்பளம் பொரிச்சிட்டு மறுபடி கூப்பிடறாங்க. வரல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. படம் முடிஞ்சிருது."

"படம் முடிஞ்சிருச்சு. அந்தம்மா அப்புறம் என்னா பண்ணுவாங்க?"

செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை படத்தில் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அவர் முகத்தில், நெஞ்சு வலி வந்த அன்றுகூட இல்லாத பயம் ஒன்று இருந்தது. ஒளித்துவைத்திருந்த பயம். அவளுக்குத் தெரியாமல் அவரும் மூன்று வருடமாக அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

"அந்த ஆளுக்கு என்னா, ராணி? பேப்பர் படிச்சிக்கிட்டே போயிட்டாரு. அவருக்கு ஒன்னும் தெரியாது," என்றார். "அடுப்புகிட்ட தனியா நிக்கறாங்களே, அவங்களுக்கு என்னா ஆவும்? ஷாம்பு போட்டா கண்ண மூட மாட்டாங்க. வீட்ல ஆள் இல்லாம தூங்க மாட்டாங்க. அத நெனச்சாத்தான் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. அத மட்டும் தெரிஞ்சிக்கிட்டா நான் நிம்மதியா இருப்பேன். முடிவ சொல்லு."

"தெரியலங்க."

"யோசிச்சு சொல்லு. அவசரமில்ல."

தட்டுகளோடு வந்த ஷர்மினி சற்றுத் தள்ளியே நின்றுவிட்டாள். செல்வராணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துப்பட்டாவைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். கனகராஜ், கதை கேட்க உட்காருகிறவர் எப்போதும் உட்காரும் விதத்தில், இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல அடுப்ப அணைப்பாங்க," என்றாள் செல்வராணி.